மறுபடியும் அதே கார் ஷெட்

"கதவை முழுசா தூக்காத நோரீன், பாதியில மாட்டிக்கும். குனிஞ்சு வா" என்றான் ராய்ஸ்.

நோரீன் குனிந்து உள்ளே வந்தாள். கலிபோர்னியாவின் சன்னிவேலில் ராய்ஸின் அம்மா வீட்டுக் கார் ஷெட். அதே வாஷிங் மெஷின். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு இருவரும் இங்கேதான் ஒரு சின்னக் கம்பெனி தொடங்கி ஆஸ்பத்திரிகளுக்கான சாஃப்ட்வேர் எழுதினார்கள்.

"இது ஓட ஆரம்பிச்சா நம்ம கம்ப்யூட்டர் அணைஞ்சிடும், ஞாபகம் இருக்கா?"

"உங்கம்மா வேணும்னே ஞாயித்துக்கிழமை துவைப்பாங்க! பசிச்சா பக்கத்து வீட்டு ஆப்ரிகாட் பழத்தைத் திருடித் திம்போம்."

நோரீனுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

அந்தக் கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. வாங்கிய கையோடு அவர்களுடைய சாஃப்ட்வேரை மூட்டை கட்டிப் பரணில் போட்டது. ராய்ஸ் பணத்தோடு நழுவிவிட்டான். அவள்தான் அங்கேயே மீட்டிங் மீட்டிங்காக உட்கார்ந்து சலித்துப்போய், போன மாதம் வேலையை உதறினாள்.

"அங்க இப்ப யாரும் எதையும் புதுசா செய்யறதில்ல ராய்ஸ். வெளியில எவனாவது செஞ்சா வாங்கிப் போட்டுக்கறாங்க. அவ்வளவுதான் பொழப்பு."

"அதான் உன்னைக் கூப்பிட்டேன். மறுபடி சின்னக் கம்பெனி. நீயும் நானும். இதே ஷெட்."

"என்ன செய்யப் போறோம்?"

"அன்னிக்கு மட்டும் தெரிஞ்சா ஆரம்பிச்சோம்? மூணு மாசம் பீட்சாவா தின்னு தீர்த்தப்புறம்தானே யோசனையே வந்துச்சு!"

வாஸ்தவம்தான். இந்த வயதில் இன்னொரு தடவை எதையாவது முதலிலிருந்து செய்யக் கிடைக்குமா என்று ஏங்கிக்கொண்டிருந்தவள், அவன் நீட்டிய ஒப்பந்தத்தை ஆசையோடு புரட்டினாள்.

"நாலு வருஷம் விலகக் கூடாதுன்னு போட்டிருக்கே?"

"நீ பாட்டுக்கு ஓடிட்டா நான் என்ன பண்றது?"

"போடா! நாலென்ன, பத்து வருஷம் இருப்பேன்" என்று கையெழுத்துப் போட்டாள்.

ராய்ஸ் உடனே போனை எடுத்தான். "போட்டுட்டா. ஆமா, நாலு வருஷம்தான்."

போனை வைத்துவிட்டு அவள் தோளைத் தட்டினான். "நம்ம கம்பெனி வித்தாச்சு!"

"இன்னும் ஒரு வரிகூட எழுதலையேடா! எதைப் பார்த்து வாங்கறாங்க?"

"உன்னைத்தான். நேரா கூப்பிட்டா நீ திரும்பி வரமாட்டேன்னு அவங்களுக்குத் தெரியாதா?" என்று சிரித்தான் ராய்ஸ். "திங்கக்கிழமை போயிடு. உன் பழைய சீட்டைக் காலியாவே வச்சிருக்காங்களாம்."