இரண்டாவது பேட்டரி

2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து ஐம்பத்திரண்டு. மரக்காணம் உப்பளத்தில் பேட்டரி மாற்றவும் பெட்ரோல் நிரப்பவும் போட்டிருந்த பந்தலை, பந்தயத்தில் ஓடிய பதினோரு மின்சார பைக்குகளில் நான்கு கடந்திருந்தன.

ஐந்தாவதாகக் கலைமதி வர வேண்டும். பத்து நாற்பதுக்கே வந்திருக்க வேண்டும்.

ஜெயசீலன் மறுபடி எழுந்து நின்றான். அவன் முன்னால் மேசை மேல் இருபத்திரண்டு கிலோ பேட்டரி, முழுச் சார்ஜோடு, துண்டு போர்த்திக் கிடந்தது. மனைவி கலைமதி வந்து நின்றதும் பழையதைக் கழற்றி இதை மாட்ட வேண்டும். அவன் வேலை அவ்வளவுதான். வீட்டு வாசலில் நாற்பது தடவை பழகியிருந்தார்கள். ஐம்பது வினாடி.

மின்சாரப் பிரிவில் முதல் ஐந்து இடங்களுக்குள் முடித்தால், அவள் வேலை பார்க்கும் குயிலாப்பாளையத்துப் பட்டறை அவளை ரைடராக வைத்துக்கொள்ளும். இல்லையென்றால் திங்கட்கிழமையிலிருந்து பழையபடி வண்டி கழுவ வேண்டியதுதான்.

பெட்ரோல் வண்டிக்காகக் காத்திருப்பவர்களுக்குக் கவலை இல்லை. உப்பளத்தின் வெட்டவெளியில் வண்டி இரண்டு கிலோமீட்டர் தள்ளி வரும்போதே சத்தம் முந்திக்கொண்டு வந்துவிடும். பீடியை அணைத்துவிட்டுச் சாவகாசமாக எழுந்து போகலாம்.

மின்சார வண்டிகள், ஓலை போர்த்திய உப்புக் குவியலுக்குப் பின்னாலிருந்து திடீரென்று முளைத்தன. நான்கு முறையும் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பக்கத்து மேசையில் ஒரு பெட்ரோல் வண்டிக்காக நின்ற சிவஞானம் சிரித்தான். "இன்னா தலைவரே, பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற மாதிரி அலையுறீங்க? ஒக்காருங்க. வண்டி தானா வரும்."

உட்கார்ந்தான். எழுந்தான்.

பதினான்கு வருஷமாக இதே உப்பளத்தில் உப்புநீர் இறைக்கும் டீசல் இன்ஜினைப் பார்த்துக்கொள்கிறவன் அவன். இன்ஜின் ஓடுகிறவரை அதன் பக்கத்திலேயே அடித்துப் போட்டாற்போலத் தூங்குவான். நின்ற வினாடியில் விழித்துக்கொண்டு ஓடுவான். சத்தம் இருந்தால் எல்லாம் சரி. சத்தம் இல்லையென்றால் ஏதோ போய்விட்டது. கலைமதி ஓட்டுவது சத்தமே போடாத வண்டி என்று அவன் மூளைக்குத் தெரியும். கால்களுக்குத் தெரியவில்லை.

பத்து ஐம்பத்தைந்து. கழுவெளி ஏரிச் சேற்றைத் தாண்டி வண்டிகள் வரும் திசையில் ஒன்றும் கேட்கவில்லை.

சேற்றில் சிக்கியிருப்பாள். வண்டி மேலே விழுந்திருக்கும். பேட்டரி செத்திருக்கும். மூன்றும் சேர்ந்தே நடந்துவிட்டதாக அவனுக்குத் தோன்றியது.

பேட்டரியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். பந்தயத் தடம் உப்புக் குவியல்களைச் சுற்றிக்கொண்டு வருகிறது. பாத்திகளுக்கு நடுவே குறுக்கு வரப்பில் போனால் பாதித் தூரம்தான்.

பந்தலுக்கு வெளியே பேட்டரி மாற்றினால் போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்கள் என்பது நினைவுக்கு வந்தபோது நூறு மீட்டர் போயிருந்தான். திரும்பிப் போய் அதை வைத்துவிட்டு வரப் பொறுமை இல்லை. ஆள் நல்லபடியாக இருக்கிறாளா என்று பார்த்தால் போதும்.

பின்னால் இரண்டு பெட்ரோல் வண்டிகள் இரைந்துகொண்டு பந்தலுக்குள் புகுந்தன. அது அவளில்லை. அவன் திரும்பவில்லை.

இரைச்சல் அடங்கிய பிறகுதான் திரும்பினான்.

பந்தலிலிருந்து கலைமதியின் ஆரஞ்சு நிற ஹெல்மெட் தெற்கே போய்க்கொண்டிருந்தது.

கத்தினான். குறுக்கே ஓடினான். உப்பு விளைந்திருந்த பாத்தியில் இறங்கும் முன் நின்று செருப்பைக் கழற்றினான். பாத்தியில் செருப்போடு இறங்கி அவனுக்குப் பழக்கமில்லை. பந்தலுக்குள் வந்து சேர்ந்தபோது பாதத்தில் இரண்டு இடத்தில் ரத்தம் கசிந்தது.

"கூப்ட்டேன் தலைவரே, அந்த இரைச்சல்ல உங்களுக்குக் கேக்கல" என்றான் சிவஞானம். "உங்க வீட்டம்மா நீங்க எங்கன்னு கேட்டுச்சு. கைய காட்டினேன். நீங்க போறதயே பாத்துட்டு நின்னுச்சு. அப்புறம் கெளம்பிடுச்சு. சார்ஜு முப்பத்தொண்ணு பர்சென்ட்டு இருந்துது."

பந்தய முடிவு கூனிமேட்டுக் கடற்கரையில். இன்னும் பதினான்கு கிலோமீட்டர். பாதி மணல்.

சிவஞானத்தின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு அவன் ரோடு வழியாகப் போனான். முடிவுக் கோட்டுக்கு எண்ணூறு மீட்டர் முன்னால் கலைமதி வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். முன்சக்கரம் மணலில் புதைவதும் வெளிவருவதுமாக இருந்தது.

வெளியாள் யாரும் வண்டியைத் தொடக் கூடாது. ஜெயசீலன் பக்கத்திலேயே நடந்தான். கைகளைப் பின்னால் கட்டினான், அவிழ்த்தான், மறுபடி கட்டினான்.

"பத்தே முக்காலுக்கு மேல ஒரு நிமிஷம் நிக்க மாட்டேன், வேலைக்குப் போயிடுவேன்னு காலைல சொன்னல்ல?" என்றாள் அவள், மணலைப் பார்த்தபடி. "போயிட்டன்னு நெனச்சேன்."

சொல்லியிருந்தான். டீயை ஊதிக்கொண்டே, சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவள் அப்போது அந்தப் பக்கம் திரும்பி ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தாள்.

கோட்டை அடைவதற்குள் இரண்டு மின்சார பைக்குகள் அவர்களைக் கடந்து போயின.

கலைமதி ஏழாவதாக முடித்தாள்.