எருமையின் நிம்மதி

குளத்தில் கிடந்த எருமையின் முதுகில் புதிதாக வந்த உண்ணிக்கொக்கு ஒன்று உட்கார்ந்து, அதன் மூச்சை எண்ணிப் பார்த்தது.

"மூச்சு நிதானமாக இருக்கிறது. வயிறு நிறைந்திருக்கிறது. அசைபோடுவதும் சீராக இருக்கிறது. உங்களைப் போல நிம்மதியான எருமையை நான் பார்த்ததேயில்லை, அக்கா" என்றது.

அப்போது சாலையில் போன லாரியிலிருந்து ஓர் எருமை கத்தியது. குளத்து எருமை சட்டென்று எழுந்தது. சேறு சொட்டச் சொட்டக் கரையேறி, லாரியின் பின்னால் ஓடியது. லாரி நிற்கவில்லை.

கொக்கு பறந்து வந்து, "உங்கள் பிள்ளையா, அக்கா?" என்று கேட்டது.

"தெரியவில்லை. கன்றாக இருக்கும்போதே கொண்டுபோய்விட்டார்கள். இப்போது குரல் மாறியிருக்கும். அதனால் எந்தக் குரல் கேட்டாலும் ஓடிவிடுகிறேன்" என்றது எருமை.