தையல்காரர் போடும் மரத்தரை

சன்னல் வெயிலில் மரத்தூள் மிதக்கிறது. தன் வீட்டு அறைக்குத் தானே மரத்தரை போடும் தையல்காரர் கடைசிப் பலகையைச் சுவரோரம் வைத்துத் தட்டுகிறார். அது இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. ஏழு மாத வயிற்றோடு வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் மனைவி, “தையலுக்கு விடற மாதிரி அரை இஞ்ச் கூட விட்டு அறுத்தீங்களா?” என்கிறாள். “கைப்பழக்கம்.” “மழைக்கு மரம் உப்பும், சுவரோரம் இடம் விடணும்னு காலையிலேருந்து கத்தறேன்.” அவர் கூடுதலாக விட்டதை, சுவரோர இடத்துக்கும் சேர்த்து, அறுத்துப் போடுகிறார், பலகை சொன்னபடி கேட்டு உட்காருகிறது. இரண்டு முறை கரு கலைந்தபின், இந்தப் பிள்ளைக்கென்று இதுவரை ஒரு துண்டுத் துணிகூட வெட்டாதவர், இப்போது சட்டைப்பையிலிருந்து துணியில் கோடு போடும் சாக்பீஸை எடுத்துக் குனிந்து, புதுத் தரையில் தொட்டில் அளவுக்கு நாலு கோடு இழுக்கிறார். பிறகு அவளைப் பார்க்காமல் கேட்கிறார்: “இங்க போட்டா, காலை வெயில் முகத்துல அடிக்காதுல்ல?”