தராசுக்காரரின் எடை

“எல்லா மெஷினையும் சரி பாக்குற. நீ மட்டும் ஏம்ப்பா அதுல ஏறவே மாட்டேங்கிற?”

மகள் ஆறு வயதில் கேட்ட கேள்வி. அன்று தராசுக்காரர், “மெஷினுக்கு ஒடம்பு சரியில்லம்மா” என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். இப்போது அவளுக்குப் பதினாறு. அவருக்கு நூற்று நாற்பத்தாறு கிலோ.

எடை மெஷின் பழுது பார்ப்பது அவர் தொழில். “ஸ்விட்ச் போடறப்ப மேல ஒரு சாமானும் இருக்கக் கூடாது. இருந்தா அதக் கழிச்சுத்தான் காட்டும்” என்று போகிற இடமெல்லாம் சொல்லிவிட்டு, ‘சரி’ என்று கையெழுத்திட்ட சீட்டை ஒட்டிவிட்டு வருவார். கொஞ்சம் கூட்டிக் காட்டும்படி வைக்கச் சொல்லிக் காதைக் கடிக்கும் கடைக்காரர்களிடம், “பொய்த் தராசு தொட்ட கையில சோறு ஒட்டாதுங்க” என்பார். அவர் கையில் சோறு நன்றாகவே ஒட்டியிருந்தது.

“தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருது. இப்படியே விட்டா ஒரு நாள் நின்னது திரும்பி வராது” என்றார் டாக்டர். “ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, இரைப்பையில முக்கால்வாசிய வெட்டி எடுத்துட்டு, மிச்சத்த வாழைப்பழம் கணக்கா தச்சுடறது. இன்னொண்ணு பைபாஸ். மேல முட்டையளவு ஒரு பையை மட்டும் பிரிச்சு, குடலை அதோட இணைச்சுடறது.”

“அப்ப பழைய இரைப்பை?” என்று கேட்டாள் மனைவி.

“அது பாட்டுக்கு உள்ளேயே இருக்கும். சாப்பாடு அந்தப் பக்கம் போகாது.”

“வேண்டாம் டாக்டர். சும்மா இருக்கறதுக்கு வீட்டுல என் தம்பி ஒருத்தன் போதும்” என்றாள் அவள்.

டாக்டர் சிரிக்கவில்லை. “சுகர் இல்ல, நெஞ்செரிச்சலும் இல்ல. உங்களுக்கு முதல் வழியே சரி. ஆனா வெட்டினது வெட்டினதுதான். அப்புறம் பாதி வேலைய நாங்க செய்வோம், மீதிய நீங்கதான் செய்யணும்.”

மீதிதான் பெரிதாக இருந்தது. முதலில் தண்ணீராக, பிறகு கூழாக, பிறகு மகளின் பால்குடிக் கிண்ணத்தில் அரைக் கிண்ணம். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. ஒரு வாய்க்கு இருபது தடவை மென்றாக வேண்டும். வயிறு உடனே அடங்கிவிட்டது. கண்தான் அடங்கவில்லை.

வாராவாரம் எடை பார்ப்பவர் வார்டு சிஸ்டர். கறாரான மனுஷி.

“நேத்து என்ன சாப்பிட்டீங்க?”

“சொன்னபடிதான் சிஸ்டர்.”

“சொன்னது நான். சாப்பிட்டது நீங்க. அதச் சொல்லுங்க.”

எடை மளமளவென்று இறங்கி, நூற்று நான்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆறு வாரம். அரைக் கிலோ அசையவில்லை.

ஏழாவது வாரம் அவர் ஒரு முடிவோடு வந்தார். பையில் பேக்கரிப் பொட்டலம் இருந்தது.

“இன்னிக்கும் அதே நம்பர்னா விட்டுடலாம்னு இருக்கேன் சிஸ்டர். வயித்த வெட்டியும் கொறையலன்னா அது தலையெழுத்து.”

சிஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “செருப்போட உள்ள வரக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது? வெளியில விட்டுட்டு வாங்க.”

விட்டுவிட்டு வந்தார். சிஸ்டர் மெஷின் மேல் இருந்த இரண்டு தடித்த பதிவேடுகளைத் தூக்கி மேசையில் போட்டார். “எங்க எடம் கெடைச்சாலும் வெச்சுடறாங்க. ஏறுங்க.”

நூற்று இரண்டு.

தராசுக்காரர் எண்ணைப் பார்த்தார். “மெஷின் சரியா இருக்கா சிஸ்டர்?”

“போன மாசம் சர்வீஸ் பண்ணி சீட்டு ஒட்டினது யாரு? உங்க மேலயே சந்தேகமா?”

அவர் இறங்கினார். சிஸ்டர் பேனாவை உதறி, மை இல்லை, அப்புறம் எழுதிக்கொள்கிறேன் என்று அட்டையை மூடி வைத்தார். பேக்கரிப் பொட்டலம் வாசலில் காவலாளிக்குப் போயிற்று.

அடுத்த மாதம் நூறு. வருடம் திரும்பியபோது எண்பத்து நான்கு. மூச்சு ஒழுங்காக வந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள், சிஸ்டர் அவர் கடைக்கு நொண்டிக்கொண்டே வந்தார். கையில் வீட்டில் எடை பார்க்கும் முள் தராசு.

“இது பொய் சொல்லுது. என்னன்னு பாருங்க. முட்டி தேஞ்சுபோச்சு. பத்து கிலோ கொறைச்சாத்தான் ஆபரேஷன்னு எலும்பு டாக்டர் சொல்லிட்டார். நாலு கொறைஞ்சுது. அப்புறம் அஞ்சு வாரமா தொண்ணூறுலயே நிக்குது.”

“ஆஸ்பத்திரி மெஷின்ல பாக்கலாமே.”

“நான் ஏறினா வார்டே எட்டிப் பாக்கும். ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணினவ நான்.” சிஸ்டர் முட்டியைத் தடவிக்கொண்டார். “அலுத்துப்போச்சுங்க. இந்த வாரமும் அசையலன்னா விட்டுடப் போறேன். நொண்டிக்கிட்டே காலத்த ஓட்டிடறேன்.”

“வெச்சுட்டுப் போங்க. நாளைக்கு வாங்கிக்கலாம்.”

அவர் போனதும் தராசுக்காரர் இருபது கிலோ எடைக்கல் நான்கும் பத்துக் கிலோ கல் ஒன்றும் அடுக்கினார். முள் தொண்ணூறில் நின்றது. மயிரிழை பிசகவில்லை.

பிறகு கடைக் கதவைச் சாத்தினார். ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கும்பிட்டார். அடித்தட்டைக் கழற்றி, உள்ளே ஸ்பிரிங்கின் திருகை இம்மி இம்மியாகத் திருப்பினார். ‘சரி’ என்ற சீட்டை எடுத்தவர், ஒட்டாமல் திரும்ப இழுப்பறையிலேயே வைத்தார்.

கற்களை மறுபடி அடுக்கினார். முள் எண்பத்தெட்டில் நின்றது. அன்று மெஷினுக்கு ஸ்விட்ச் போடும்போது சிஸ்டர் அதன்மேல் வைத்திருந்த இரண்டு பதிவேடுகளின் எடையும் இதே இரண்டு கிலோதான் என்று அவருக்கு அன்றைக்கே தெரியும்.