யார் ஓட்டுவது?

கூடத்தில் வரைபடத்தை விரித்துப் போட்டு, மூன்று நண்பர்களும் அதன்மேல் கவிழ்ந்து கிடந்தார்கள். ஓய்வு பெற்ற மறுநாளே நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் காரில் பயணம் போவதாகத் திட்டம்.

“பிடிச்ச இடத்துல நிறுத்துறோம்,” என்றார் மீசை.

“கண்ணுல பட்ட சந்துக்குள்ள எல்லாம் நுழையுறோம்,” என்றார் நெட்டை.

“வழி தப்பிட்டா?” என்று கேட்டார் குண்டு.

“தப்பட்டுமே. ஆயுசுல ஒரு தடவையாவது தப்பிப் பாத்துடணும்டா,” என்றார் நெட்டை.

ஜன்னலோரம் யாருக்கு என்று மூவரும் சண்டை பிடித்தார்கள். துணி மடித்துக்கொண்டிருந்த மீசையின் மனைவி நிமிர்ந்தாள்.

“அதெல்லாம் இருக்கட்டும். காரை யாரு ஓட்டுறது?”

“என்ன தங்கச்சி, எங்களைப் பாத்தா இப்படிக் கேக்குற? ஆயிரம் பேரைப் பின்னால உக்கார வச்சு ஓட்டுறவங்க நாங்க,” என்றார் குண்டு.

“ஓட்டுறீங்கண்ணே, யாரு இல்லேன்னாங்க? தண்டவாளம் போற பக்கம் ரயில் தானாப் போயிடும். ஸ்டியரிங்னு ஒண்ணை மூணு பேர்ல யாராவது தொட்டிருக்கீங்களா?”

மூன்று ரயில் டிரைவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நாளைக்கே டிரைவிங் ஸ்கூல்ல சேருறோம்,” என்றார் மீசை.

நெட்டை துள்ளி எழுந்தார். “தெருமுனையில முதல்ல வண்டியைத் திருப்புறது நான்தான். இப்பவே சொல்லிட்டேன்.”