தனி வாசல்

“வேலைக்காரங்க பாத்ரூம் வேணாம். அத எடுத்துடுங்க” என்றார் பரசுராமன்.

மகிழினி கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்தாள்.

திருவொற்றியூரில் எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் விற்பனை அலுவலகம் அது. பரசுராமனும் மனைவி ரமாபாயும் எட்டாவது மாடியில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டார்கள். அவர் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். ரமாபாய் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். கட்டும் வீட்டில் கூடுதலாக என்னென்ன வேண்டும் என்று சொல்ல வந்திருந்தார்கள்.

அவர்களுக்கு வேண்டியது ஜன்னல் மட்டும்தான். மூடினால் தூசி புகாத ஜன்னல். மகள் அம்முவுக்கு இளைப்பு. எண்ணூர் ஆலைகள் பக்கமிருந்து காற்று அடித்தால் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருப்பாள்.

“ஜன்னல் தனியா வராது சார். ‘கோல்டு பேக்கேஜ்’ எடுத்தாதான் வரும். மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், வேலையாள் பாத்ரூம் எல்லாம் அதுலயே சேர்ந்தது.”

“ரேஷன் கடையில சக்கரை கேட்டா சோப்பையும் சேத்து தலையில கட்டுவாங்களே, அந்தக் கதையால்ல கீது?”

“கம்பெனி ரூல் சார்.”

“சீலிங் இன்னாத்துக்கு? மல்லாக்கப் படுத்து அழகு பாக்கவா?” பரசுராமன் மனைவியைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். “சரி, கொழந்த மூச்சு வுடணும். மொத்தமா எடுத்துக்கறோம். அந்த பாத்ரூம மட்டும் வுட்டுடுங்க.”

இந்த மாதம் மகிழினி ஒரு கோல்டு கூட விற்கவில்லை. இப்படியே போனால் ஒன்றாம் தேதியிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று மேலாளர் வல்லரசு காலையில்தான் சொல்லியிருந்தார். பயிற்சியில் கற்றுக்கொடுத்த சிரிப்பை முகத்தில் கொண்டுவந்தாள்.

“கோல்டுல ஸ்பெஷலே அதுதான் சார். சர்வீஸ் பால்கனியில தனி வாசல். வேலைக்கு வர்றவங்க உங்க பாத்ரூம் பக்கமே வரத் தேவையில்ல. உங்களுக்கும் சுத்தம், அவங்களுக்கும் வசதி.”

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“வேலைக்கு ஆள் வைப்பீங்கல்ல மேடம்?”

“வைக்காம? இவருக்கும் ஷிஃப்டு, எனக்கும் ஷிஃப்டு. அம்முவ பாத்துக்க ஒருத்தங்கள பேசிட்டோம். காலைல வந்தா பொழுது சாஞ்சுதான் போவாங்க” என்றார் ரமாபாய்.

“அப்போ அவங்க பகலெல்லாம்...”

மகிழினி முடிப்பதற்குள் வல்லரசு கண்ணாடி அறையிலிருந்து வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டார்.

“பாத்ரூமை எடுத்தாலும் பேக்கேஜ்ல ஒரு ரூபா குறையாது சார்.”

“கொறைக்க வேணாம். கட்டாதீங்க, அவ்ளோதான்.”

“பிளான்ல இருக்கறதை மாத்தணும்னா அதுக்குக் கட்டணம் இருக்கு. முப்பதாயிரம்.”

“கட்றதுக்கும் காசு, கட்டாததுக்கும் காசா?” பரசுராமன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “இன்னா நைனா, பட்டப்பகல் கொள்ளையா கீதே!”

ரமாபாய் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“குடுத்துடலாம். அது மட்டும் வேணாம்.”

“உங்க இஷ்டம்” என்று வல்லரசு உள்ளே போய்விட்டார்.

மகிழினிக்குக் கீபோர்டில் கை ஓடவில்லை. முப்பதாயிரம். ஒருத்தி ஒதுங்க இடம் இருக்கக் கூடாது என்பதற்காக முப்பதாயிரம்.

“கோல்டு போனா போவட்டும் மேடம், கேட்டுடறேன்” என்றாள். “எங்கம்மா வூட்டு வேலைக்குப் போறவங்க. டோல்கேட்லேர்ந்து ரெண்டு பஸ் மாறிப் போவாங்க. காலைல ஒரு வாய் தண்ணி குடிக்காது. ஏன் தெரியுமா? குடிச்சா போவணும். போற வூட்ல எடம் கெடையாது. அடக்கிகினே கெடந்தா கிட்னி இன்னா ஆவும்னு நர்ஸுக்கு நான் சொல்லணுமா?”

அலுவலகத் தமிழ் எங்கோ போய்விட்டது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வல்லரசு எட்டிப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை.

“அட்ரஸ்ல எம்.கே.பி. நகர்னு பாத்ததும் நம்ம ஜனம்னு சந்தோஷப்பட்டேன். எட்டாவது மாடிக்கு இன்னும் லிஃப்ட்டே போடல. அதுக்குள்ள இப்டி மாறிட்டீங்களே!”

பரசுராமன் வாய் திறந்தார். ரமாபாய் கையமர்த்தினார்.

“எந்த வூட்லயுமே உங்கம்மாவ வுடலையாம்மா?”

“ஒரே ஒரு வூட்ல. பின்னாடி தனியா ஒண்ணு கட்டிக் குடுத்தாங்க. அந்தம்மா பேரச் சொன்னா எங்கம்மா இன்னிக்கும் கையெடுத்துக் கும்பிடும்.”

ரமாபாய் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“எங்கம்மாவுக்கும் அந்த வேலதான். அவங்களுக்கும் பின்னாடி தனியா ஒண்ணு இருந்துச்சு. பள்ளிக்கூடம் லீவுன்னா நானும் கூடப் போவேன். எனக்கும் அதுதான். அந்த வூட்டு நாய உள்ள இருந்த பாத்ரூம்ல குளிப்பாட்டுவாங்க.”

மகிழினி திரையைப் பார்த்தாள். வரைபடத்தின் ஓரத்தில், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தத் தனி வாசல் இருந்தது.

“எங்க வூட்டுக்கு வர்றவங்க எங்க பாத்ரூமுக்குத்தான் போவாங்க” என்றார் ரமாபாய். “தனியா ஒண்ணு இருந்துச்சுன்னு வையி, இன்னிக்கு இல்லனாலும் என்னிக்காவது ஒரு நாள் நாங்களே அந்தக் கதவ கை காட்டிடுவோம். அதுக்கு பயந்துதாம்மா முப்பதாயிரம்.”