விசில் ஊதும் வரை

"இன்னா வைஜெயந்தி, என்னை ஏமாத்தறதா நெனச்சு உன்னையே ஏமாத்திக்கிறியா?"

பயிற்சியாளர் மணிவண்ணன் செல்போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். பாகூர் ஏரியில் அப்போதுதான் விடிந்திருந்தது. அவள் கயாக் படகைக் கரையேற்றிவிட்டு, நனைந்த முழுக்கைச் சட்டையோடு நின்றாள்.

"நான் இன்னா மாஸ்டர் பண்ணேன்?"

"பத்து நாள்ல எட்டு நாள், பேசிக்கினே துடுப்பு போடற வேகம். ரெண்டு நாள்தான் முழு மூச்சு. சொன்னனா இல்லியா? இதப் பாரு. நாடித்துடிப்பு நூத்தித் தொண்ணூறு. நேத்தும் அதான், முந்தாநாளும் அதான். எனக்குத் தெரியாம தனியா வந்து ஓட்டறியா?"

"சத்தியமா மெதுவாதான் போனேன் மாஸ்டர். மூச்சுகூட வாங்கல, பாருங்க."

அவளுக்கு மூச்சு வாங்கவில்லைதான். ஆனால் மனுஷர் பொய் சொல்வார்கள், கருவி சொல்லாது என்பது மணிவண்ணன் கட்சி. அணித் தேர்வுக்கு இன்னும் நாலே நாள்.

"இன்னொரு தடவ இப்படி வந்துச்சு, லிஸ்ட்லேர்ந்து உன் பேரை எடுத்துடுவேன். ஒரு வூட்டுக்கு ஒரு சாவு போதும்டி."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். இவளுடைய அக்கா ஜெயசுதாவைத் தினமும் முழு வேகத்தில் விரட்டியவர் அவரேதான். அன்றாடம் உயிரைக் கொடுத்தால்தான் மெடல் என்று நம்பியிருந்தார், பாவி மனுஷன். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் இதே தண்ணீரில், "நான் விசில் ஊதற வரைக்கும் நிறுத்தாதே" என்று கத்திவிட்டு, போன் வந்ததென்று திரும்பி நின்று பேசினார். பேசி முடித்துப் பார்த்தபோது அவள் துடுப்பின் மேல் கவிழ்ந்து கிடந்தாள். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். சாவு வீட்டுக்குப் போக மணிவண்ணனுக்குத் துணிவு வரவில்லை.

வைஜெயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா எடத்துல நான் ஓட்டணும் மாஸ்டர். பேரை எடுத்துடாதீங்க. நாளைக்கு வேணா நீங்களும் ஒரு படகு எடுத்துக்கினு பக்கத்துலயே வாங்க."

"எதுக்கு? இப்பவே தெரியுதே. நூத்தித் தொண்ணூத்தஞ்சு..."

மணிவண்ணன் பாதியில் நிறுத்தினார். அவள் கரையில் சும்மாதான் நின்றுகொண்டிருந்தாள்.

"உடம்புக்கு இன்னாடி ஆச்சு? கையைக் காட்டு. மொதல்ல அந்த வாட்ச்சைக் கழட்டு."

"எந்த வாட்ச்சு மாஸ்டர்?"

"உங்க அக்காவுக்கு நான் வாங்கிக் குடுத்தது. அதுலேர்ந்துதானே இதெல்லாம் என் போனுக்கு வருது?"

வைஜெயந்தி சட்டைக் கையை மெல்ல மேலே ஏற்றினாள். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

"கல்யாணமாவாத பொண்ணுன்னு எரிக்கல மாஸ்டர், பொதைச்சோம். அவ ஆசையா வெச்சிருந்ததையெல்லாம் குழியிலயே வெக்கச் சொன்னாங்க. அந்த வாட்ச்சை அவ கையில நான்தான் கட்டிவுட்டேன். நீங்கதான் வரலியே."

ஏரியில் ஒரு படகும் இல்லை. போனில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. நூற்றுத் தொண்ணூற்றாறு. தொண்ணூற்றேழு.

மணிவண்ணன் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து, தண்ணீரைப் பார்த்து நீளமாக ஊதினார்.

எண் மெல்ல மெல்ல இறங்கி, பூச்சியத்தில் நின்றது.